ஆள் கயிறு

சேவல் கூவியபோது தனபாலன் மாரா மரத்தின் கிளை பிரிகிற மேல்கவரில் கால்களை இருபுறமும் தொங்கவிட்டு உட்கார்ந்து, மெஷின் வாளின் சங்கிலியில் சிக்கிய பட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கூவியது உயிருள்ள சேவல் இல்லை. கீழே பலாமரத்தடியில் கயிற்றோடு நின்ற கறுப்பையாவின் சட்டைப் பைக்குள் இருந்த தனபாலனின் போன். மனைவி வேலாயியின் எண்ணுக்கு மட்டும் அவன் அந்தச் சத்தத்தை வைத்திருந்தான். விடியுமுன்பே எழுந்து பாத்திரங்களை உருட்டி லயத்து வரிசை வீடுகளையே எழுப்பிவிடுகிறவளுக்கு வேறென்ன சத்தம் வைப்பது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஒரு வாரமாக அந்தச் சேவல் கூவவேயில்லை. இப்போது கூவியதும் மேலே பட்டை பிடுங்கும் கை நின்றுபோனதைக் கறுப்பையா பார்த்தார்.

கறுப்பையா வேலாயிக்கு அண்ணன். மாப்பிள்ளையும் மச்சானும் வருஷக்கணக்காக ஒன்றாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். கம்பளைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து விடிகாலை பஸ்ஸைப் பிடித்துக் கண்டிக்கு வந்து, வீடுகளின் மேல் சாய்ந்து நிற்கும் மரங்களில் கயிறு கட்டி ஏறி, கிளை கிளையாக அறுத்து இறக்குகிற வேலை. போன கார்த்திகைப் பெருமழையில் மலைகள் சரிந்து இறங்கிய பிறகு கண்டிக்காரர்களுக்கு மரத்தைக் கண்டாலே பயம். நிழலுக்கென்று நட்டு வளர்த்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிய மரத்தையே இப்போது ஜன்னல் வழியாக முறைத்துப் பார்த்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். அனிவத்தை மேட்டில் இருந்த இராமநாதன் ஐயாவின் வீடும் அப்படித்தான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். மாரா மரத்தின் பருத்த கிளை ஒன்று அவர் படுக்கையறை ஓடுகளுக்கு நேர் மேலே கை நீட்டிக்கொண்டிருந்தது. சேவல் கூவிய நேரத்தில் அந்தக் கிளையைத் தனபாலன் பாதி அறுத்து முடித்திருந்தான்.

ஏறுகிறவன் தனபாலன், கயிறு பிடிக்கிறவர் கறுப்பையா. கயிறுகள் இரண்டு. ஒன்று ஆள் கயிறு. அது தனபாலனின் இடுப்புப் பெல்ட்டிலிருந்து புறப்பட்டு, அவன் தலைக்கு மேலே ஒரு கவரில் ஏறி விழுந்து, கீழே பலாமரத்தின் அடியைச் சுற்றிக் கறுப்பையாவின் கைக்கு வரும். மற்றது கிளைக் கயிறு. அறுக்கப்போகும் கிளையில் அதைக் கட்டி, மறுநுனியை அதே பலாவில் சுற்றி வைப்பார்கள். கிளை முறிந்ததும் பொத்தென்று விழ விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். தனபாலன் ஓரிடத்தில் வசமாக உட்கார்ந்துவிட்டால் கறுப்பையா ஆள் கயிற்றைப் பலாவில் முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டுக் கிளைக் கயிற்றைக் கையில் எடுப்பார். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே நிற நைலோன் கயிறுகள். அதைக் கண்டதும் வேலாயிக்குப் பொறுக்கவில்லை. தன் பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து, ஆள் கயிற்றில் கை பிடிக்கிற இடமெல்லாம் துண்டு துண்டாக முடிந்து வைத்தாள். கண் தப்பினாலும் கை தப்பாது பார் அண்ணே என்று அன்று சொன்னாள்.

மரத்தில் ஆள் இருக்கும்போது பேசுவதற்கு மூன்றே சொற்கள்தாம். இழு, விடு, கட்டு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் தனபாலனுக்குக் கோபம் வந்துவிடும். வீட்டு நினைப்போடு மரத்தில் இருக்கிறவனுக்குக் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது என்பான். அதனால்தான் போனைக் கீழே கொடுத்துவிட்டு ஏறுவது. அதுவும் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் கொடுப்பான். இந்த ஒரு வாரமாகத்தான் அடைப்பதில்லை. கறுப்பையா அதைக் கவனித்தும் கேட்காமல் இருந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அண்ணன்காரன் தலையிட்டால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று அவருக்குத் தெரியும்.

சண்டை ஒரு குளவிக்கூட்டைப் பற்றியது. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், வேலாயி கொழுந்து பறிக்கும் மலையில், ஒரு சவுக்கு மரத்தில் பானை பருமனுக்குக் கூடு கட்டியிருந்தது. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. கடைசியில் அவள் புருஷனிடம் கேட்டாள். ஊரான் வீட்டு மரத்திலெல்லாம் ஏறுகிறீர்கள், எங்கள் மலையில் ஒரு மரம் ஏறினால் என்ன. தனபாலன் முடியாது என்று ஒரே போடாகப் போட்டான். கூடு இருக்கிற மரத்தில் கயிறு கட்டி ஏறக்கூடாது. தரையில் நிற்கிறவன் குளவி வந்தால் ஓடலாம், கயிற்றில் தொங்குகிறவன் எங்கே ஓடுவான் என்றான். அதில் பிழையில்லை. தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். வேலாயி, "ஓட முடியாதது ஒங்களுக்கு மட்டுந்தானா? சரிவுல, இடுப்புல படங்குச் சாக்கையும் கட்டிக்கிட்டு, முதுகுல கூடையோட நாங்க மட்டும் எங்க ஓடுறது?" என்றாள். அதோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றை வைப்பாள், போய்விடுவாள். தனபாலன் நல்லவன்தான், ஆனால் இறங்கிப் போகத் தெரியாத ஆள். இந்த நிலைமையில்தான் சேவல் கூவியது.

கறுப்பையா போனை எடுத்துக் காதில் வைத்தார். தங்கை இல்லை, தங்கை மகள் அனுஷியா. உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை. சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்திருக்கிறாள். மாமா, மாமா என்று நாலைந்து தடவை கூப்பிட்டாள். பிறகுதான் மற்றச் சொற்கள் வந்தன.

"அம்மாவக் குளவி கொட்டிருச்சு மாமா. லொறியில ஏத்திக் கம்பளைக்குக் கொண்டு வந்தாங்க. வர்ற வழியிலேயே முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க மாமா. அப்பாகிட்டக் குடுங்க. அம்மா போன் சார்ஜ்ல கெடந்துச்சு, அப்புடியே புடுங்கிட்டு ஓடியாந்தேன். அப்பாகிட்டக் குடுங்க."

கறுப்பையா மேலே பார்த்தார். தனபாலன் குனிந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பையா போனை வாயோடு ஒட்டிப் பிடித்து, "அப்பா மரத்துல இருக்காரு பாப்பா" என்றார்.

அந்தப் பக்கம் அழுகை அப்படியே நின்றது. மரமேறுகிறவன் பிள்ளை அவள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு, அப்படியானால் சொல்லாதீர்கள், இறங்கிய பிறகு சொல்லுங்கள் என்று சின்னக் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கறுப்பையா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். போட்ட கை நெஞ்சிலேயே நின்றது. வேலாயி. தாய் இறந்தபோது இவர் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்த பிள்ளை. ஓவென்று கத்த வேண்டும் போல வந்தது. நிலத்தில் விழுந்து புரள வேண்டும் போல வந்தது. ஒன்றும் செய்ய முடியாது. மேலே ஒருவன் கயிற்றில் இருக்கிறான், அவனுக்கு முன்னால் பாதி அறுத்த கிளை நிற்கிறது. இறங்கி வா என்றால் ஏன் என்பான். பாதி அறுத்த கிளையை அந்தரத்தில் விட்டுவிட்டு எந்த மடையனும் இறங்க மாட்டான். சொல்லவும் முடியாது. தனபாலன் அத்தனை உயரத்தில் கையில் வாளோடு அந்தச் சொல்லைக் கேட்பான்.

"என்னவாம் மச்சான்?"

மூன்று சொற்களுக்கு மேல் பேசக்கூடாது என்ற சட்டத்தைப் போட்டவனே அதை உடைத்தான். வேறு யாரோ என்று சொல்ல வழியில்லை. சேவல் கூவியிருக்கிறது. கறுப்பையா வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறதென்று அவருக்கே தெரியவில்லை.

"கம்பளையில எறங்குறப்ப கட்டாக் கருவாடு வாங்கிட்டு வரச் சொல்லுது."

சின்ன வயதில் வேலாயி அவர் சோற்றுக் கோப்பையில் இருந்த கருவாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அந்த ஞாபகம் வந்திருக்கலாம். மேலே தனபாலன் சிரித்தான். இந்த ஒரு வாரத்தில் அவன் சிரித்துக் கறுப்பையா கேட்கவில்லை.

"பேச மாட்டேன்னு இருந்தவளுக்குக் கருவாட்டு மேல ஆச வந்துருச்சாக்கும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னையக் கேட்டாளா?" என்றான்.

"கேட்டுச்சு. பாத்து எறங்கச் சொல்லுச்சு."

சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் கறுப்பையாவுக்கு உறைத்தது. அவனை அமைதியாக வைத்திருக்க ஒரு பொய் வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தார். செத்துப்போன தங்கச்சியின் வாயால் அவனுக்கு மன்னிப்பை வாங்கிக்கொடுத்துவிட்டார். தனபாலன் இடுப்புக் கயிற்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். தோள்கள் இறங்கின. வாள் உயிர் பெற்றது.

கிளைக் கயிற்றைக் கையில் எடுக்க வேண்டிய நேரம். கறுப்பையா பலாவடியில் குனிந்தார். கண் நிறைந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது. துடைத்தால் மேலே இருப்பவன் பார்ப்பான் என்று துடைக்கவில்லை. கை தானாக முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கியது. முதல் மடிப்பு கழன்றது. இரண்டாவதைத் தளர்த்தும்போது விரலில் துணி பட்டது. மழையிலும் வெயிலிலும் கிடந்து நைந்துபோன சேலைத் துணி. அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தது ஆள் கயிறு. மேலே தனபாலன் முழுப் பாரத்தையும் அந்தக் கயிற்றில் போட்டுச் சாய்ந்திருந்தான். கறுப்பையா கழன்ற மடிப்பைத் திருப்பிப் போட்டார். இன்னொரு முடிச்சுப் போட்டார். அதன் மேல் இன்னொன்று போட்டார். பிறகு சேலைத் துணியை இரண்டு விரல்களால் ஒரு தடவை அழுத்திவிட்டுக் கிளைக் கயிற்றைத் தேடி எடுத்தார்.

கிளை முறிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கயிறு வெடுக்கென்று இழுத்தது. பலா அதிர்ந்தது. கறுப்பையா காலை ஊன்றிப் பிடித்து, கொஞ்சம் விட்டு, பிடித்து, மறுபடி கொஞ்சம் விட்டார். அந்த நேரம் முழுக்க அவர் மனதில் கயிற்றைத் தவிர ஒன்றுமில்லை. கிளை ஓடுகளுக்கு மேலாக ஒரு முழ உயரத்தில் ஆடி வந்து, சுவர் ஓரத்துப் பூச்சாடிகளைத் தாண்டி முற்றத்தில் படுத்தது. ஓர் ஓடுகூட நகரவில்லை. கிளை தரையைத் தொட்டு, கயிறு தொய்ந்த மறுகணமே வேலாயி திரும்பவும் செத்துப்போனாள். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட மோசமாக இருந்தது.

இனி இறக்கிவிடலாம் என்று ஆள் கயிற்றின் பக்கம் திரும்பியபோது இராமநாதன் ஐயா வெளி விறாந்தைக்கு வந்தார். காது மந்தமான மனிதர், எதையும் உரக்கத்தான் பேசுவார். ஓடு உடையாததில் அவருக்குப் பெரிய சந்தோஷம். கையால் நெற்றியை மறைத்து மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, ஏறினதோட ஏறினதா அந்தத் தண்ணித் தாங்கிக்கு மேல நிக்கிற கொப்பையும் ஒருக்கா வெட்டி விடுங்கோவன். அதுக்கெண்டு இன்னொரு நாள் உங்களைக் கூப்பிடாமல்."

கறுப்பையாவுக்கு அந்த மனிதரின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. மெல்லக் கிட்டப் போய்ச் சொல்லலாம். சொன்னால், என்ன, ஆர் செத்தது என்று தெருவுக்கே கேட்கும்படி திருப்பிக் கேட்பார். அதனால் மழை வரப்போகிறது, இன்றைக்குப் போதும் மாப்ள என்று மேலே பார்த்துச் சொன்னார். ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துத்தான் கிடந்தது. தனபாலன் கேட்கவில்லை. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம், சின்னக் கொப்புத்தானே என்றான். அவன் குரலில் அப்படியொரு உற்சாகம். மற்ற நாளாக இருந்தால் பேசிய வேலைக்கு மேல் ஒரு குச்சியைத் தொட மாட்டான், முகத்துக்கு நேரே மறுத்துவிடுவான். கருவாடு கேட்ட பெண்டாட்டிதான் அவனை இப்படி ஆக்கிவைத்திருந்தாள். பெல்ட்டைத் தளர்த்தி, ஆள் கயிற்றை விடச் சொல்லி, அடுத்த கவருக்கு நகர்ந்தான். நகரும்போது சீட்டியடித்தான். கறுப்பையா அவன் ஒவ்வோர் அடிக்கும் கயிற்றை அளந்து விட்டுக்கொண்டே, முருகா, இவனை மட்டும் எனக்குத் தரையில் கொண்டுவந்து கொடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவன் உட்கார்ந்ததும் கயிற்றை மறுபடி மூன்று முடிச்சாகப் போட்டு நிறுத்தினார்.

இரண்டாவது கொப்பில் கயிறு கட்டும்போது சேவல் மறுபடி கூவியது. கறுப்பையா எடுக்காமல் நின்றார். அது கூவிக்கொண்டேயிருந்தது. இறந்தவளின் பெயர் அவர் நெஞ்சுக்கு மேலே சட்டைப் பையில் துடித்துக்கொண்டிருந்தது.

"எடுங்க மச்சான். பெறகு அதுக்கும் ஒரு வாரம் பேச மாட்டா."

எடுத்தார். அனுஷியாதான். பொலிஸில் அப்பாவின் அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்கள் என்றாள். பிரேதத்தை யார் பொறுப்பெடுப்பது என்று கேட்கிறார்கள் என்றாள். தனபாலன் மேலே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கறுப்பையா உரத்த குரலில், "சரிம்மா, சரி. கருவாட்ட மறக்க மாட்டோம். வாங்கிட்டு வாரோம்" என்றார். போனுக்குள் அந்தப் பிள்ளை, என்ன மாமா சொல்றீங்க, எனக்கு வெளங்கல்ல மாமா என்றாள். அவர் மறுபடியும் வாங்கிட்டு வாரோம் என்றார். ஆஸ்பத்திரிச் சத்தங்களுக்கு நடுவே அவள், அப்பா இன்னும் இறங்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். சரி மாமா என்று வைத்துவிட்டாள்.

ஐயாவின் மனைவி சரோஜினிதேவி தேத்தண்ணியோடு வந்து கறுப்பையாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கயிறு பிடித்திருந்த கைகளையும் அண்ணாந்திருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கறுப்பையா உதட்டை மட்டும் அசைத்து, எறங்கட்டும்மா என்றார். அந்த அம்மா கோப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, புருஷனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கொப்பு வந்தது, படுத்தது. முதல் மழைத்துளிகள் பலா இலைகளில் விழத் தொடங்கியபோது தனபாலன் வாளைத் தனிக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, விடு என்றான். கறுப்பையா ஆள் கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மூன்று முடிச்சு ஏன் போட்டார் என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. கயிற்றைக் கையில் வாங்கி, பாரத்தைத் தாங்கி, விடத் தொடங்கினார். சேலைத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் உள்ளங்கையில் ஏறிப் போயின. மாப்பிள்ளையைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் கெஞ்சினார். இப்போது அவன் இறங்குகிறான், அவருக்கோ கயிற்றை விட மனம் வரவில்லை. அவன் கால் மண்ணில் படாதவரை அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். அவள் கருவாடு கேட்டிருக்கிறாள். மழை வலுத்தது. என்ன மச்சான், தேர் மாதிரி எறக்குறீங்க என்று தனபாலன் மேலிருந்து சிரித்தான்.

கால் மண்ணில் பட்டது. கறுப்பையா கயிற்றை விடவில்லை. பெல்ட்டைக் கழற்றுங்க என்றார். கழற்றினான். வாளைத் தள்ளி வையுங்க என்றார். வைத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மச்சானின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான்.

"மாப்ள, வேலாயி போயிருச்சு. குளவி கொட்டிருச்சு."

தனபாலன் அழவில்லை. திரும்பி மரத்தைப் பார்த்தான், வெட்டிய கிளைகளைப் பார்த்தான். வாய் திறந்தபடியே இருந்தது. மழை அதற்குள் விழுந்தது. பெல்ட்டை எடுத்து மறுபடி இடுப்பில் கட்டப்போனான். கறுப்பையா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கூடா என்று கேட்டான். கறுப்பையா தலையை ஆட்டினார். தனபாலன் வெட்டிய கிளையின் மேல் உட்கார்ந்தான். பிறகு கேட்பதற்கே பயந்தவன் போல் கேட்டான்.

"மொதல்ல போன்ல கோல் எடுத்தது அவதானே மச்சான்? அதுக்குப் பெறகுதானே கொட்டுச்சு?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். கறுப்பையாவுக்கு அது தெரிந்தே இருந்தது. அவர் பொய்க்கு இனி வேலையில்லை. ஆள் தரைக்கு வந்துவிட்டான், எங்கிருந்தும் விழப்போவதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஆமா மாப்ள. அதுதான் பேசுச்சு."

சரோஜினிதேவி அம்மா பக்கத்து வீட்டுப் பையனின் ஓட்டோவைக் கூப்பிட்டு வைத்திருந்தார். ஐயா குடையோடு வந்து தனபாலனின் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றார். பேராதனை, கெலிஓயா என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. கயிற்று மூட்டை இருவரின் கால்களுக்கு நடுவே கிடந்து ஈரம் கசிந்தது. தனபாலன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கறுப்பையா தங்கையை நினைத்து அழலாம் என்று பார்த்தார், அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் எந்த வாயிலிருந்து உண்மை வரும் என்ற பயமே நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. கூடக் கொழுந்து பறித்தவர்கள் இருப்பார்கள், தோட்டத்து ஆட்கள் இருப்பார்கள், அனுஷியா இருப்பாள். முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைக்கவும் வழியில்லை. இருந்த ஒரே போன் இப்போது தனபாலனின் கையில் இருந்தது. அதை அவன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துப் பொத்திக்கொண்டிருந்தான்.

கம்பளைக் கடைத்தெருவில் தனபாலன் வண்டியை நிறுத்தச் சொன்னான். கறுப்பையாவுக்கு முதலில் புரியவில்லை. அவன் மழையில் இறங்கி, கருவாட்டுக் கடைக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பின்னால் ஓடினார். வேண்டாம் மாப்ள என்று சொல்ல வந்தவர் சொல்லவில்லை. சாவு வீட்டில் இனிப் பல நாளைக்குக் கவிச்சி ஆகாது, அடுப்பே மூட்ட மாட்டார்கள். அது தனபாலனுக்கும் தெரியும். நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுங்கள் நானா என்று அவன் முஸ்லிம் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு துண்டைத் தூக்கி, முகர்ந்து, திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான். வேலாயி எடுப்பது போலவே எடுத்தான்.

ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்கு வெளியே நீளமான வாங்குப் பலகையில் மேல்கணக்குப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு முகம் வீங்கிக் கண்கள் மூடிப்போயிருந்தன. தனபாலனைக் கண்டதும் ஒப்பாரி எழுந்தது. அவன் அந்த வீங்கிய முகத்துக்காரியின் முன்னால் போய்க் குனிந்து, வேலாயி மலையில் யாருடனாவது போனில் பேசினாளா என்று கேட்டான். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. போனா, நாங்க ஓடுனதுதாண்ணே தெரியும் என்று அழுதாள். தனபாலன் நிமிர்ந்து மகளைத் தேடினான். அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். காலடியில் ஒரு சாக்குப் பை, அதற்குள் அம்மாவின் படங்கும், தலையில் போடும் கொங்காணியும், ஒற்றைச் செருப்பும் இருந்தன.

"பாப்பா, அம்மா இன்னைக்கு போன மலைக்குக் கொண்டு போயிருந்துச்சா?"

அனுஷியா அப்பாவின் கையைப் பார்த்தாள். பத்திரிகைத் தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டிய பொட்டலம். மழையில் நனைந்து தாள் கிழிந்து, உள்ளிருந்த கருவாட்டின் வாசம் அந்த இடம் முழுக்கப் பரவியிருந்தது. பிறகு அவள் மாமாவைப் பார்த்தாள். கறுப்பையா அவளைப் பார்க்க முடியாமல் கயிற்று மூட்டையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"கொண்டு போயிருந்துச்சுப்பா" என்றாள் அனுஷியா. "போறப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போச்சு."

கிட்ட வந்து பொட்டலத்தை அப்பாவின் கையிலிருந்து வாங்கினாள். குனிந்து, சாக்குப் பைக்குள் கொங்காணியை விலக்கி, அதன் அடியில் வைத்து மூடினாள். மற்றக் கையில் அம்மாவின் போன் இருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிய சார்ஜர் வயர் இன்னும் அதில் செருகியபடியே இருந்தது. அவள் குனிந்து நிமிர்ந்தபோது வயரின் நுனி ஈரத் தரையைத் தொட்டுத் தொட்டு ஆடியது. தனபாலன் அது ஆடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.